ஈவர் கல்கோரின் சிபாரிசு

ஈவர் கல்கோர் பத்தொன்பது வருஷம் பன்றி லாரி ஓட்டியவர். லிம்ஃபியோர்டு என்ற கடற்கழியின் கரைப் பண்ணைகளில் ஏற்றி, தெற்கே கொண்டுபோய் இறக்குவது. எவ்வளவு குறுகலான பண்ணை வாசலாக இருந்தாலும் ஒரே மூச்சில் பின்னுக்கு எடுத்து நிறுத்திவிடுவார் என்று அந்த வட்டாரத்தில் பெயர். நாற்பத்தேழாவது வயதில் முதுகு மக்கர் செய்ய ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து, புத்தகப் பேருந்துக்கு டிரைவர் தேவை என்று நகராட்சி விளம்பரம் கொடுத்திருந்ததை மனைவி ரிக்மோர் படித்துச் சொன்னாள். ஈவர் போய் நின்றார். புத்தகங்களைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள்.

"பன்னிய விட லேசா இருக்கும். கத்தாது" என்றார்.

வேலை கிடைத்துவிட்டது.

மஞ்சள் பேருந்து. உள்ளே மூவாயிரம் புத்தகம், ஒரு அலமாரி நிறைய சினிமா வட்டுகள், பிள்ளைகள் உட்கார நாலு மெத்தை. ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூட வாசலிலும் கடை முக்கிலும் நிற்கும். பேருந்தின் நூலகர் சோல்வாய் ராவ்ன். அவள் பேச ஆரம்பித்தால் ஹீட்டர் போடவே வேண்டாம் என்பார்கள். ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதற்கு என்ன புத்தகம் வேண்டும் என்று கண்டுபிடித்து, கையைப் பிடித்து இழுத்துப்போய், முதல் இரண்டு பக்கத்தை நடித்தும் காட்டிவிடுவாள். ஈவர் அதெல்லாம் கண்டுகொள்ள மாட்டார். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டு, டிராக்டர் விலைப் பட்டியலில் படம் பார்ப்பார். ஏழு வருஷத்தில் பேருந்திலிருந்து ஒரு புத்தகம்கூட அவர் வீட்டுக்குப் போனதில்லை.

அதற்குக் காரணம் ரிக்மோருக்கு மட்டும்தான் தெரியும். ஈவருக்கு எழுத்து கண்ணில் நிற்காது. சின்ன வயதில் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். ஈவர் ஒரு வரியில் மூன்று இடத்தில் வழுக்கி விழுவார், வகுப்பே சிரிக்கும். பதினோரு வயதில் ஒரு நாள் புத்தகத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே நடந்தவர், அதற்கப்புறம் யார் முன்னாலும் எதையும் வாசித்ததில்லை. எங்கேயாவது மாட்டிக்கொண்டால், கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்பார். அவரிடம் கண்ணாடியே கிடையாது.

அந்த வருஷம் ஜனவரியில் சோல்வாயின் தொண்டை கட்டியது. கட்டிய தொண்டையோடு ஒரு வாரம் நடித்துக் காட்டினாள். எட்டாம் நாள் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குரல்நாண் வீங்கியிருக்கிறது, முணுமுணுக்கக்கூட கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் லீவு போட்டிருப்பார்கள். சோல்வாய் கழுத்தில் ஒரு சிலேட்டுப் பலகையைக் கயிறு கட்டி மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டாள்.

புதன்கிழமை வெஸ்டர்ஹோய் பள்ளி வாசலில் நிறுத்தினார்கள். முதலில் ஏறியது விக்கா. ஒன்பது வயது, சிவப்பு ரப்பர் பூட்ஸ், வாரத்துக்கு நாலு புத்தகம் தின்கிற பிள்ளை. நல்ல புத்தகம் ஒன்று வேண்டும் என்றாள். சோல்வாய் ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டிவிட்டு, சிலேட்டில் பரபரவென்று எழுதினாள். அவள் பேச்சுக்கு எவ்வளவு வேகமோ எழுத்துக்கும் அவ்வளவு வேகம். கோழி கிளறிய மாதிரி இருந்தது. விக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள், கடைசியில் சிலேட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பின்னாலேயே கழுத்து மாட்டிக்கொண்ட சோல்வாயும் வர, டிரைவர் இருக்கைக்கு வந்துவிட்டாள்.

"ஈவர், இதுல என்ன எழுதிருக்கா, படி."

"கண்ணாடி கொண்டு வரல."

"நீ கண்ணாடி போட்டு நான் பாத்ததே இல்லயே."

பின்னால் பதினைந்து பிள்ளைகள் வரிசையில் நிற்கின்றன. ஈவருக்கு வியர்த்தது. புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார். ஒரு பெண் பிள்ளை, ஒரு படகு, பக்கத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று. துணிந்துவிட்டார். ஒரு பொண்ணு படகுல போறா, ஒரு வெள்ளைப் பசு கடல்ல விழுந்துடுது, அதைக் காப்பாத்திக் கரை சேக்கறா, அருமையான கதை என்று அடித்துவிட்டார். சோல்வாய் வாயைத் திறந்தாள். காற்று வந்தது. விக்கா புத்தகத்தைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். பசு கதை வரிசையில் பரவி, அதே புத்தகத்துக்கு மூன்று பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள்.

அடுத்த புதன் விக்கா ஏறினபோது சிவப்பு பூட்ஸின் சத்தமே வேறு மாதிரி இருந்தது. புத்தகத்தை ஸ்டியரிங் மேல் வைத்தாள்.

"பசு எங்க?"

ஈவர் குனிந்து அட்டையைப் பார்த்தார்.

"நூத்தி நாப்பது பக்கம் படிச்சேன். பசு இப்ப வரும், இப்ப வரும்னு காத்துட்டே இருந்தேன். அது பாய்மரத் துணி, ஈவர்."

ஈவர் பன்றி எடையில் ஒரு கிலோ ஏமாற்றினார் என்று பத்தொன்பது வருஷத்தில் எவனும் சொன்னதில்லை. இப்போது ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை முன்னால் பொய்யனாக உட்கார்ந்திருந்தார். நான் படிக்கல, அட்டையைப் பாத்து அளந்துட்டேன் என்று ஒப்புக்கொண்டார். விக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் உள்ளே போய் அறுபத்துநாலு பக்கத்தில் ஒல்லியாக ஒரு புத்தகத்தை எடுத்து வந்து அவர் மடியில் போட்டாள். அடுத்த வாரத்துக்குள் இதைப் படித்துவிட்டு, உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும் என்று உத்தரவு. அவள் இறங்கின பிறகு சோல்வாய் சிரித்த சிரிப்பில் சத்தமே இல்லை, ஆனால் பேருந்து ஆடியது.

ஈவர் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்ததும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை வைத்து, ரிக்மோர் உருளைக்கிழங்கு வேகவைத்து இறக்கும்வரை படித்தார். முதல் நாள் ஏழு பக்கம். இரண்டாம் நாள் பதினொன்று. கதை என்னவென்றால், ஒரு குடும்பம் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிபோகிறது. வீட்டோடு ஒரு குதிரையும் சேர்த்தி என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது. பத்திரத்தை யாரும் முழுசாகப் படிக்கவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பற்றிய கதை என்றதுமே ஈவருக்கு அது தன் சொந்தக்காரர் கதை மாதிரி ஆகிவிட்டது. மூன்றாம் நாள், அப்பா பல் தேய்க்கப் போய்க் குளியலறைக் கதவைத் திறக்கிற பக்கத்தில், ஈவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று நினைத்து ரிக்மோர் ஓடி வந்து முதுகில் நாலு அறை வைத்தாள். அவர் கண்ணில் நீர் வழிய, பேச முடியாமல், விரலால் அந்த வரியைக் காட்டினார். ரிக்மோர் படித்துப் பார்த்துவிட்டு அவளும் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குக் கிழங்கு குழைந்துபோயிற்று.

புதன்கிழமை பேருந்து நின்றதும், எப்போதும் இல்லாத வழக்கமாக, ஈவர் இருக்கையை விட்டு எழுந்து உள்ளே போனார். விக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மொத பதினெட்டு பக்கம் சுமார்தான்" என்றார் ஈவர். "வீட்டப் பத்தியே சொல்லிட்டு இருக்காங்க. பொறுத்துக்கணும். பத்தொன்பதாவது பக்கத்துல அப்பா பாத்ரூம் கதவத் திறக்கறாரு. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். படிச்சப்போ எனக்கு முதுகுல நாலு அடி விழுந்துச்சு, அது மட்டும் நிஜம்."

ஒரு பிரதி. பதினொரு கைகள். விக்கா ஏற்கெனவே படித்தவள், அவளும் கை நீட்டினாள். சோல்வாய் பெயர்ப் பட்டியல் எழுதி முடித்துவிட்டு, சிலேட்டை அழித்து, இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் பூசணிக்காய் அளவுக்குப் பெரிசாக, நிறுத்தி நிதானமாக எழுதினாள்: "இன்னொண்ணு படி." ஈவர் அதை வாசித்தார். அவள் எழுத்தைப் பெரிதாக்கியது எதற்காக என்றும் அவருக்குப் புரிந்தது. நேராக அலமாரிப் பக்கம் போனார்.

அதற்கப்புறம் நிற்கவில்லை. வாரம் ஒன்று, பிறகு இரண்டு. ஞாயிறு மதியம் ரிக்மோரோடு உட்கார்ந்து பிள்ளைகள் சினிமா ஒன்று. எல்லா ஊர் நிறுத்தத்திலும் எழுந்து நின்று உள்ளதைச் சொல்வார். இது நல்லா இருக்கு, ஆனா எழுபதாவது பக்கத்துல நாய் செத்துடும், பஸ்ல படிக்காதீங்க என்பார். ஒரு பிள்ளை, நாய் சாகிற புத்தகம்தான் வேண்டும், வேறு இருக்கிறதா என்று கேட்டது. ஈவர் இரண்டு வைத்திருந்தார். இந்தப் படத்துல வர்ற பேய் கிட்டத்துல பாத்தா போர்வைதான், தையல் தெரியுது, அதனால ஆறு வயசுக்காரங்க தைரியமா பாக்கலாம் என்பார். வீட்ல புதுசா தம்பி பொறந்து கடுப்புல இருக்கறவங்க கை தூக்குங்க என்பார். அஞ்சாறு கை எழும்பும். அவர்களுக்கென்றே ஒரு புத்தகம் எடுத்து வைத்திருப்பார். அதில் அக்கா தம்பியை லாட்டரிச் சீட்டுக்கு மாற்றிவிடுகிறாள். திரும்ப வாங்கிடறா, ஆனா கடைசிப் பக்கத்துலதான் என்று தாய்மார்களைப் பார்த்துச் சமாதானம் சொல்வார். குதிரைப் புத்தகத்தைப் படித்ததிலிருந்து என் மகள் குளிக்கப் போகும் முன் கதவைத் தட்டிப் பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று ஒரு தகப்பன் புகார் சொல்ல வந்தார். வந்தவர் அந்தப் புத்தகத்தை மறுபடியும் எடுத்துக்கொண்டு போனார்.

இந்தச் சேதி தோர்வால் லுண்ட் காதுக்கு எட்டியது. ஓய்வு பெற்ற மருந்துக்கடைக்காரர். டவுனில் ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் முறை வைத்து நடத்துகிற சின்ன சினிமாக் கொட்டகைக்குத் தலைவர். தொண்ணூற்றிரண்டு இருக்கை. குடும்பப் படம் போட்டால் பத்துப் பேர் வருவார்கள், அதில் நாலு பேர் கமிட்டி. பிள்ளைகளுக்கு நல்லது செய்கிற படமாகத் தேடித் தேடி எடுப்பார் தோர்வால். மாத்திரை கொடுத்துப் பழகின கை. பிள்ளைகள் வேஷம் கட்டுகிற ஃபாஸ்டலாவன் பண்டிகை ஞாயிற்றுக்கு ஒரு படம் சிபாரிசு செய், ஆரம்பிக்கும் முன் ரெண்டு வார்த்தை பேசு என்று ஈவரிடம் கேட்டார். ஈவர் ஐந்து வட்டு வாங்கிக்கொண்டு போய், ஐந்தையும் பார்த்து, எஸ்தோனியாக்காரர்கள் எடுத்த ஒரு படத்தைச் சொன்னார். ஒரு தீவு. இரண்டு அக்கா தங்கை. அவர்களுக்கு ஒரு செம்மறிக் கிடா. கிடா தபால் படகில் ஏறித் தப்பித்துப் பெரிய ஊருக்குப் போய்விடுகிறது, மேயர் மேடையில் வாசிக்க வைத்திருந்த பேச்சைத் தின்றுவிடுகிறது. முதல் ஆறு நிமிஷம் ஒரு டிராக்டர் போய்க்கொண்டே இருக்கும், அதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்வார்கள் என்றார். தோர்வாலுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கம்ப்யூட்டரில் படத்தை வரவழைக்கச் சொல்லிப் பட்டனைத் தட்டினார்.

அந்த ஞாயிறு காலையில் சந்தைத் திடலில் பிள்ளைகள் வழக்கம்போல மிட்டாய் நிறைத்த பீப்பாயை அடித்து உடைத்தார்கள். உடைத்த கையோடு, வேஷம் கலைக்காமல், அப்படியே கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். பத்துப் பேரும் இல்லை, இருபதும் இல்லை. பேருந்து நிற்கிற ஏழு ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள். கடல் கொள்ளைக்காரர்கள் எட்டுப் பேர், பொன்வண்டுகள் ஆறு, எலும்புக்கூடுகள், ஒரு பல் டாக்டர், அட்டைப்பெட்டியில் செய்த ஒரு ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜுக்குள் விக்கா. அவளை இருக்கையில் மடக்க முடியாததால் முன்வரிசை ஓரத்தில் நிறுத்திவைத்தார்கள். ரிக்மோர் தான் வேலை செய்கிற பேக்கரியிலிருந்து கிரீம் பன் நூற்றைம்பது கொண்டு வந்திருந்தாள். படம் ஆரம்பிக்கும் முன்பே எல்லா மூக்கிலும் கிரீம். மடியில் ஒன்று, படிக்கட்டில் மூன்று என்று நூற்றிருபது பேரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

ஈவர் முன்னால் வந்து டிராக்டர் விஷயத்தைச் சொன்னார். ஆறு நிமிஷம், எண்ணிக்கங்க, அப்புறம் நான் பொறுப்பு என்றார். கைதட்டினார்கள். விளக்கு அணைந்தது. டிராக்டர் போயிற்று. நூற்றிருபது பேரும் பொறுமையாக டிராக்டரைப் பார்த்தார்கள். ஆறாவது நிமிஷம் அக்கா தங்கை வந்தார்கள். வாயைத் திறந்தார்கள்.

எஸ்தோனிய மொழியில் பேசினார்கள்.

ஈவர் வீட்டில் பார்த்த வட்டில் எல்லாரும் டேனிஷ் பேசினார்கள். தோர்வால் பட்டியலில் ஒரு வரி தள்ளித் தட்டியிருந்தார். அசல் மொழிப் படம் வந்துவிட்டது. கீழே வெள்ளை எழுத்தில் டேனிஷ் ஓடியது. அதைப் படிக்கிற வயசு அங்கே பாதிப் பிள்ளைகளுக்கு இல்லை. பொன்வண்டுகளில் ஒன்று சத்தமாகக் கேட்டது, அந்த அக்கா என்ன சொல்றா என்று. ஒரு கொள்ளைக்காரன் அழ ஆரம்பித்தான். தோர்வால் மெஷின் அறையிலிருந்து தலையை நீட்டி, மாற்றுப் படம் இல்லை, நிறுத்திவிடவா என்று கேட்டார். எல்லாத் தலையும் ஈவர் பக்கம் திரும்பியது. நான் பொறுப்பு என்று சொன்ன மனுஷன்.

ஈவர் எழுந்தார். கால் அவரைக் கேட்காமலே கதவுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தது. நாற்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த அதே கால். வழியில் சோல்வாய் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. நகர்ந்து வழி விட்டாள், அவ்வளவுதான். அந்த வழியைப் பார்த்ததும் ஈவருக்கு என்ன தோன்றியதோ, திரும்பி நேராகத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நான் வாசிக்கறேன்" என்றார். "எனக்கு வேகமா வராது. சொல்லிட்டேன்."

முதல் வரி வந்தது. ஈவர் காற்றில் விரலை வைத்து, நாலு வார்த்தையில் மூன்றைப் பிடித்தார். நாலாவதைத் தேடும்போது வரி போய்விட்டது. அடுத்தது வந்தது. அதில் இரண்டு பிடித்தார். கொட்டகை மூச்சு விடாமல் கேட்டது. மூன்றாவதில் ஒன்றுமே கிடைக்கவில்லை.

"என்ன சொன்னா?" என்று பொன்வண்டு கேட்டது.

"தெரியல. ஓடிப்போச்சு."

சிரிப்பு வெடித்தது. ஈவருக்குக் காது சூடேறிற்று. ஆனால் அந்தச் சிரிப்பு பழைய வகுப்புச் சிரிப்பு இல்லை என்று அவர் காதுக்கே தெரிந்தது. அடுத்த வரிக்காகக் காத்திருக்கிற சிரிப்பு. அவர் எழுத்தை விட்டார், படத்தைப் பார்த்தார். கதைதான் தெரியுமே. தங்கச்சி கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஈவர் தன் ஊர்ப் பேச்சிலேயே, குரலை ஒல்லியாக்கி, "நீ மட்டும் தபால் படகுல ஏறினேன்னு வை, உன்ன ஸ்வெட்டரா பின்னிப்புடுவேன்" என்றார். கொட்டகை அதிர்ந்தது.

"அவ அப்படிச் சொல்லல" என்றது ஃபிரிட்ஜ். "'என்னை விட்டுப் போகாதே'ன்னு போட்டிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் ஈவர். "நீ எழுத்தப் பாத்துக்க. நான் கிடாவப் பாத்துக்கறேன்."

அதோடு படம் யார் கையிலும் இல்லை. விக்கா ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து முகத்தை வெளியே வைத்துக்கொண்டு வரிகளை வாசித்தாள். அவளுக்கு மூச்சு வாங்கினால் நாலாம் வகுப்புக் கொள்ளைக்காரர்கள் இருவர் பிடித்துக்கொண்டார்கள். பல் டாக்டர் மேயரை ஏற்றுக்கொண்டாள். ஈவர் கிடாவாகவும், படகுக்காரராகவும், படகு எஞ்சினாகவும் இருந்தார். குரல் இல்லாத சோல்வாய் சிலேட்டைத் தட்டிக் கதவுச் சத்தமும், இரண்டு பன் தட்டுகளைத் தேய்த்து அலைச் சத்தமும் போட்டாள். பொன்வண்டுகள் ஆறும் கடற்பறவைகள் ஆகிவிட்டார்கள். படத்தில் பறவை வராத இடத்திலும் கத்தினார்கள். மேயர் மேடை ஏறி, பைக்குள் கைவிட்டு, பேச்சுக்குப் பதிலாக ஈரமான காகிதத் துண்டு ஒன்றை எடுத்தபோது, பல் டாக்டர் சிரிப்பில் வரியை வாசிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கீழே மேயரின் வரி நீளமாக, மூன்று அடுக்காக வந்து நின்றது. எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. விக்காவும் சிரித்துச் சிரித்து ஃபிரிட்ஜுக்குள் முழுகியிருந்தாள்.

மேயர் திகைத்து நிற்கிற காட்சி, அதனால் அந்த வரி மட்டும் ஓடாமல் நின்றது. ஈவர் விரலை வைத்தார். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை, வழுக்காமல், உரக்க வாசித்தார். "மதிப்பிற்குரிய ஊர் மக்களே, நான் சொல்ல வந்தது எல்லாம் ஒரு ஆட்டின் வயிற்றில் இருக்கிறது. அது என்னைவிடத் தெளிவாகப் பேசும் என்று நம்புகிறேன்." வாசித்து முடித்த பிறகுதான், தான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. வாய் திறந்தபடி நின்றார். கிடா கத்த வேண்டிய இடம் வந்து போயிற்று. அவர் கத்தவில்லை. அவருக்காக ஊரே கத்தியது.

படம் முடிந்து விளக்குப் போட்டபோது, கிரீம் இல்லாத இருக்கை ஒன்றுகூட இல்லை. தோர்வால் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரிக்மோர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, புருஷனின் காலரைச் சரி செய்தாள். "நல்லா வாசிச்ச" என்றாள். முப்பது வருஷமாக அவருடைய கடிதங்களை எல்லாம் வாசித்துக் காட்டியவள் அவள்.

தோர்வால் மனசு கேட்காமல், அடுத்த ஞாயிறு சரியான டேனிஷ் பிரதியை வரவழைத்து இலவசமாகப் போட்டார். எண்பது பேர் வந்தார்கள். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, இந்தக் கிடாவின் குரல் சரியில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. சத்தத்தை அமுக்கச் சொல்லி ஒரு தூதுக்குழு மெஷின் அறைக்குப் போனது. தோர்வால் அமுக்கினார். ஈவரைச் சட்டையைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள்.

மார்ச் மாதம் சோல்வாயின் குரல் திரும்பியது. பேருந்தில் அவள் முதலில் பேசியது, "நகரு ஈவர், என் இடத்துல நிக்கற" என்பதுதான். அவர் நகர்ந்தார், ஆனால் டிரைவர் இருக்கை வரைக்கும் நகரவில்லை. அன்றிலிருந்து பேருந்துக்குள் இரண்டு வரிசை. தனக்கு எந்தப் புத்தகம் பொருந்தும் என்று தெரிய வேண்டியவர்கள் சோல்வாயிடம். எத்தனையாவது பக்கத்தில் என்ன நடக்கும் என்று தெரிய வேண்டியவர்கள் ஈவரிடம்.

இப்போது அவருக்கு அறுபத்தொன்று. வட்டாரத்து வாரப் பத்திரிகையில் அவர் பெயரில் ஆறு வரி வருகிறது. அவர் சொல்ல, ரிக்மோர் எழுதிக் கொடுக்கிறாள். "இந்த வாரப் புத்தகம் ரொம்ப நல்ல புத்தகம், ஆனால் நல்ல புத்தகம் என்று அதற்கே தெரிந்திருக்கிறது, அதனால் நடுவில் பத்து பக்கம் தாண்டிக்கொள்ளவும்" என்று ஒருமுறை எழுதியிருந்தார். "படத்தில் பெரியவர்கள் அழுவார்கள், பிள்ளைகள் அவர்களுக்குக் கைக்குட்டை கொண்டு போகவும்" என்று இன்னொருமுறை. இன்னமும் விரல் வைத்துத்தான் படிக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிறு கொட்டகையில் வேற்றுமொழிப் படம். ஊமையாக ஓட்டுவார்கள், யார் யார் எந்தப் பாத்திரம் என்பதற்கு முந்தின புதன் பேருந்திலேயே சண்டை நடக்கும். விக்காவுக்குப் பதினாறு ஆகிவிட்டது. வில்லன் பாத்திரங்களை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

போன வாரம் பேருந்தை ஃபெர்ரியில் ஏற்றிக்கொண்டு ஈவர் அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார். சோல்வாய் அன்று ஆபீசில் இருந்தாள். வரப்போகிறது ஹங்கேரிப் படம், அதில் ஒரு தவளைக் கூட்டம் பள்ளிக்கூடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஈவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கண்ணை மூடி, தவளைக் குரல் பழகிக்கொண்டிருந்தார். டிக்கெட் கிழிக்கிற ஆள் ஜன்னலைத் தட்டினான். உடம்புக்கு ஏதாவது பண்ணுதா என்று கேட்டான்.

"தவளை" என்றார் ஈவர். "ஹங்கேரித் தவளை."

அவன் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு யோசித்தான். தவளை வயிற்றிலிருந்து வர வேண்டும், நீ தொண்டையில் செய்கிறாய் என்றான். செய்தும் காட்டினான். ஈவர் கீழே இறங்கித் திருப்பிச் செய்தார். அவன் திருத்தினான். கரை வந்து, ஃபெர்ரியின் தடுப்புச் சங்கிலி எடுக்கப்பட்டு, பின்னால் நின்ற நாலு காரும் ஹாரன் அடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.